இரண்டு முடிச்சும் ஒரு பெருவிரலும்

வாங்க, கிட்ட வாங்க. வாசலோரம் நிற்கிற மகராசியும் உள்ளே வந்து உட்காரட்டும், உலை கொதிக்க இன்னும் நேரம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு கழுத்தின் கதை சொல்லப்போகிறேன். கேட்டு முடித்ததும் பாதிப்பேர் கழுத்தைத் தடவிப் பார்ப்பீர்கள், மீதிப்பேர் பெருவிரலை நிமிர்த்திப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டுச் சிரிக்காமல் எழுந்து போனீர்கள் என்றால் கதை சொன்னவள் மேல்தான் குற்றம்.

ஆத்தூர் வெற்றிலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெற்றிலையைக் கட்டுக் கட்டாகத் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் அனுப்பிய வியாபாரி பிச்சையா. அவருடைய ஒரே மகள் செல்லக்கனி. நிறம் மாநிறம்தான், உயரம் கொஞ்சம் தூக்கல். ஆனால் அவள் சிரித்தாள் என்றால் அடுத்த தெருவில் வெற்றிலை அடுக்குகிறவர்கள் கவுளிக் கட்டுக்கு இலை எண்ணுவதை மறந்து மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். "ஏளா, மெல்லச் சிரி, வியாபாரம் கெடுது" என்று பிச்சையாவே சத்தம் போடுவார். போட்டுவிட்டு அவரும் சிரிப்பார்.

அவளைத் தூத்துக்குடியில் பொன்னுதுரைக்குப் பேசி முடித்தார்கள். கடற்கரை ரோட்டில் அவனுடைய பெரியப்பாவுக்குக் கயிற்றுக் கடை. தோணிக்கு வேண்டிய நார்க்கயிறு, விசைப்படகுக்கு நைலான் கயிறு, வலைக்கு நூல் என்று எல்லாம் அங்கே கிடைக்கும். புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்த காலம் அது, கடையில் கூட்டம் ஓயாது. தாய் தகப்பன் இல்லாத பொன்னுதுரையைச் சின்ன வயசிலேயே எடுத்து வளர்த்தவள் பெரியம்மா அருணாசலவடிவு. மூன்று பெண்களைப் பெற்றுக் கட்டிக்கொடுத்துவிட்டு, இவனையும் மகனாக வைத்துக்கொண்டவள். நல்ல மனுஷி. கை தாராளம், குரல் அதைவிடத் தாராளம். அவள் ஒன்றை நம்பிவிட்டால் போதும், கடலே வந்து மாற்றிச் சொன்னாலும் "நீ செத்த சும்மா கெட" என்று கடலை அதட்டுவாள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே பொன்னுதுரைக்குச் செல்லக்கனியின் சிரிப்பு பிடித்துப்போயிற்று. அவளுக்கும் அவன் வெட்கப்படுகிற விதம் பிடித்துப்போயிற்று. காப்பி டம்ளரை வாங்கும்போது, கடையில் கயிறு அளக்கிற ஞாபகத்தில், "எத்தனை பாகம் வேணும்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவன் அவன். அதை நினைத்து நினைத்து அவள் ஒரு வாரம் சிரித்தாள்.

இனிதான் நூல் வருகிறது, கவனமாகக் கேளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தன்று பெண்ணுக்கு அவர்கள் அட்டியல் போட வேண்டும். அட்டியல் சங்கிலி மாதிரி தொங்கிக்கொண்டு கிடக்காது, கழுத்தைக் கட்டிப் பிடித்தாற்போல் கிடக்கும். ஒரு விரல் கூடினால் சரியும், ஒரு விரல் குறைந்தால் பூட்டு விழாது. அதனால் நிச்சயம் முடிந்த கையோடு கழுத்தளவு எடுப்பார்கள். முதலில் நூலை ஒரு சுமங்கலியின் கழுத்தில் சுற்றி, நுனி வந்து தொடுகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். பிறகு அதே நூலை, அதே நுனியிலிருந்து, பெண்ணின் கழுத்தில் சுற்றி இன்னொரு முடிச்சு. மூத்தவளுடைய வாழ்வு அந்த நூலில் ஏறிச் சின்னவள் கழுத்துக்கு இறங்கட்டும் என்று அர்த்தம்.

முன்னெல்லாம் தங்க ஆசாரியே பெண் வீட்டுக்கு வந்து அளந்து போவார். இப்போது அவருக்கு முழங்கால் வலி, ஆத்தூருக்குப் பஸ் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார். "அதுக்கென்ன, நானே அளந்துட்டு வாரேன்" என்றாள் அருணாசலவடிவு. நூலுக்கு வெளியே போவானேன்? சொந்தக் கடையில் அன்று வந்து இறங்கிய புதுக் கட்டைப் பிரித்து, நல்ல முறுக்கேறிய பருத்தி நூலாகப் பார்த்து அறுத்துக்கொண்டாள். அந்த ஆனி மாதம் ஆத்தூரில் வைத்துத் தன் கழுத்துக்கு ஒரு முடிச்சும் செல்லக்கனி கழுத்துக்கு ஒரு முடிச்சும் போட்டாள். வெள்ளை நூல் மங்கலக் காரியத்துக்கு ஆகாதல்லவா? வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் தண்ணீரில் நன்றாக முக்கி எடுத்து, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டு, காய்ந்ததை ஆசாரி கையில் கொடுத்தாள். இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். அன்றைக்கு யாருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை.

ஆவணி கடைசியில் அட்டியல் தயாராயிற்று. கெம்புக்கல் வைத்து, நடுவில் அன்னம் வைத்து, பார்க்கப் பார்க்க அலுக்காது. கல்யாணத்தன்றைக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று அருணாசலவடிவு அதை மடியில் கட்டிக்கொண்டு ஆத்தூருக்கு வந்தாள். கண்ணாடி முன்னால் செல்லக்கனியை உட்காரவைத்துப் பின்னால் நின்று பூட்டினாள். பூட்டு விழவில்லை.

"மூச்சை விடு தாயி."

"விட்டாச்சு அத்தை."

"இன்னும் விடு."

"இனி விட்டா உயிர்தான் அத்தை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அருணாசலவடிவு சிரிக்கவில்லை. ஆசாரி திருப்பிக் கொடுத்திருந்த மஞ்சள் நூலைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து அட்டியலோடு வைத்துப் பார்த்தாள். ஆசாரி பெண்ணின் முடிச்சு அளவுக்குச் சரியாகத்தான் செய்திருந்தார். நூலைச் செல்லக்கனியின் கழுத்தில் சுற்றினாள். ஆனி மாதம் தொட்ட முடிச்சு இப்போது தொடவில்லை. நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கழுத்து தெரிந்தது.

"அண்ணாச்சி," என்று பிச்சையாவைக் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. அவள் குரல் இறங்கினால்தான் ஊர் பயப்படும். "பிள்ளைக்குக் கழுத்து வீங்கியிருக்கு. எங்க சின்னாத்தா ஒருத்தி மலங்காட்டுப் பக்கம் வாக்கப்பட்டுப் போனா. அவளுக்கும் இப்படித்தான் தெரியாம ஆரம்பிச்சுது. கடைசியில கழலை, தேங்கா தொங்குன மாதிரி தொங்கிட்டு. சோறு எறங்காம கஷ்டப்பட்டா."

"என்ன தங்கச்சி சொல்லுதிய? கடல் மீன் திங்குத ஊருல யாருக்குக் கழலை வந்திருக்கு?"

"மீன் திங்குதவனுக்கு வராது. உங்க வீட்டுல வெத்தலைதான திங்கிய?"

அட்டியல் திரும்பவும் மடியில் ஏறித் தூத்துக்குடிக்குப் போயிற்று.

அதன் பிறகு செல்லக்கனியின் முகத்தை யாரும் பார்க்கவில்லை மக்களே, எல்லாரும் கழுத்தைத்தான் பார்த்தார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் குடத்தை மறந்து கழுத்தைப் பார்த்தார்கள். அவள் எச்சில் விழுங்கினால் பக்கத்தில் நின்றவளும் கூடவே விழுங்கினாள். ஒருத்தி சுண்ணாம்புப் பற்றுப் போடச் சொன்னாள், இன்னொருத்தி முருங்கைப் பட்டையை அரைத்துக் கட்டச் சொன்னாள். அம்மா இரண்டையும் கட்டிவிட, செல்லக்கனி பல்வலிக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நோயைப் பற்றிப் பயம் குறைவு. பயமெல்லாம் பொன்னுதுரையைப் பற்றித்தான். பெரியம்மா சொல்லைத் தாண்டாதவன் அவன். 'கழலைக்காரி' என்று ஒரு பேர் ஒட்டிவிட்டால் அவன் மட்டுமில்லை, வேறு யாரும் அந்தத் தெருப்பக்கம் வரமாட்டார்கள். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, தன் கழுத்து முன்னால் எப்படி இருந்தது என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. நம் கழுத்தை நாம் எங்கே பார்த்திருக்கிறோம், சொல்லுங்கள்?

இப்படி இருக்கையில் ஒரு நாள், தூத்துக்குடி பஸ் கண்டக்டர் வண்டியை நிறுத்தி, பிச்சையா கடையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தால் மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியுமாக, வாயில் போட்டால் கரைகிற தூத்துக்குடி மக்ரூன்.

"கயித்துக் கடைத் தம்பி குடுத்தாரு," என்றார் கண்டக்டர். "விழுங்க முடியுதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

செல்லக்கனி அங்கேயே நின்று ஒன்றைத் தின்றாள். அடுத்ததையும் தின்றாள். "விழுங்கியாச்சு. மிச்சம் எங்கேன்னு கேளுங்க அண்ணாச்சி" என்றாள். பற்றுப் போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தது. வெற்றிலை எண்ணினவர்கள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்.

ஆனால் மக்ரூன் வந்த மறுவாரமே அருணாசலவடிவிடமிருந்து ஆள் வந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, காலாண்டு லீவில் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, கழுத்தாகப் பார்க்கிறாராம். பெண்ணை அங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும். டாக்டரம்மா வாயால் 'நல்ல கழுத்து' என்று வந்தால் ஐப்பசியில் கல்யாணம். வராவிட்டால் தட்டை மாற்றியதை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்பாவும் மகளும் பஸ் ஏறினார்கள். பழையகாயல் தாண்டி உப்பளங்கள் வந்தன. வழக்கமாக அந்த உப்புக் குவியல்களைப் பார்த்தால் பிச்சையா, "பாத்தியா, மல்லிப்பூ அம்பாரம்" என்பார். அன்று அவர் வாயைத் திறக்கவில்லை. செல்லக்கனிதான், "எப்பா, இம்புட்டு உப்பையும் பாத்துட்டு நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டா, கூட ஒரு பாத்தி கட்டிருவாங்க" என்று அவரைச் சிரிக்கவைத்தாள். சிரிக்கவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை விழுங்கிப் பார்த்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரே கூட்டம், ஒரே குழப்பம். விஷயம் என்னவென்றால், 'ஒரு நோயும் இல்லாதவர்கள் மட்டும் வரவும்' என்று தண்டோரா போட்டிருந்தார்கள். சீக்காளியைக் கூப்பிடுகிற டாக்டரை ஊர் பார்த்திருக்கிறது. சீக்கில்லாதவனைக் கூப்பிடுகிற டாக்டரை யார் பார்த்தது?

"நல்லாருக்கவன் கழுத்தை அளந்து என்ன செய்யப் போறாவ? தூக்குல போடவா?" என்று கேட்டாள் பிலோமி. புன்னைக்காயலிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிறவள். கூடையை வாசலில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்து, வரிசையில் முதல் ஆளாக நின்றுவிட்டாள்.

அருணாசலவடிவு முன்பே வந்திருந்தாள். கூடப் பொன்னுதுரை. அவன் செல்லக்கனியைப் பார்த்தான், அவள் பார்த்ததும் கூரையைப் பார்த்தான்.

உள்ளே பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் ஒரு நாற்காலி. டாக்டர் ஜெபசெல்வி ஒல்லியான பெண்மணி, வெள்ளைச் சேலை, சின்னக் கைகள். ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னால் நின்று, இரண்டு கை விரல்களையும் கழுத்தின் முன்பக்கம் மெல்ல வைத்து, "தண்ணியக் குடிச்சு விழுங்குங்க" என்பார். விழுங்கும்போது விரலுக்கடியில் என்ன ஏறி இறங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிலோமி தண்ணீருக்குப் பதிலாக வாயில் இருந்த வெற்றிலைச் சாற்றை விழுங்கிவிட, பின்னால் திரும்பி இருமி இருமி டாக்டரம்மா சேலையெல்லாம் சிவப்பு.

"ஒண்ணும் இல்ல, துவைச்சா போயிரும்" என்றார் டாக்டர். "எங்க அம்மைக்கும் வெத்தலைதான். நான் நாசரேத்துக்காரிதான்மா."

நாசரேத் என்றதும் கூட்டத்துக்கு உயிர் வந்தது. நம்ம பக்கத்துப் பொம்பளை!

செல்லக்கனி முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. "விழுங்கு தாயி." விழுங்கினாள். "இன்னொரு தடவை." விழுங்கினாள். பொன்னுதுரையும் விழுங்கினான். பிச்சையாவும் விழுங்கினார். டாக்டர் முன்னால் வந்து, செல்லக்கனியின் கையைப் பிடித்துப் பெருவிரலை நிமிர்த்திப் பார்த்தார்.

அருணாசலவடிவுக்குப் பொறுக்கவில்லை. "கழுத்தைப் பாக்கச் சொன்னா கையைப் பாக்குதியளே டாக்டரம்மா, கைரேகையா?"

"கைரேகை இல்லம்மா. கழுத்துக்குள்ள தைராய்டுன்னு ஒரு சுரப்பி உண்டு. முத்துச்சிப்பியத் தெறந்து வச்சா ரெண்டு ஓடும் ரெண்டு பக்கம் விரிஞ்சு கெடக்கும்லா? அது மாதிரி நடுவுல ஒட்டிக்கிட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு மடல். ஒரு மடல், அவங்கவங்க பெருவிரலோட நுனிக் கணுவுக்கு மேல பெருசா இருந்தாத்தான் கழலைன்னு சொல்லுவோம். இந்தப் பிள்ளைக்கு அம்புட்டு இல்ல."

"யாரு பெருவிரலு? உங்க பெருவிரலா?"

"எனக்குப் பெருவிரலே சுண்டுவிரல் மாதிரிதான். என் விரலை வச்சு அளந்தா இந்தக் கடற்கரையில பாதிப்பேரு கழலைக்காரங்களாப் போயிருவாங்க. அவங்கவங்க கழுத்துக்கு அவங்கவங்க விரல்தான்."

உடனே அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் பெருவிரலை நிமிர்த்தினார்கள். தேர்தல் கூட்டம் மாதிரி இருந்தது.

அருணாசலவடிவு விடுவாளா? "எங்க கடையில ஒவ்வொரு கயித்துக்கும் ஒரு நம்பர் உண்டு. இன்ன கப்பலுக்கு இன்ன கயிறுன்னு கணக்கு உண்டு. கழுத்துக்கு மட்டும் விரலா? இத்தனை அங்குலம் இருக்கணும்னு நம்பர் சொல்லுங்க."

"வெளிநாட்டுப் புஸ்தகத்துல நம்பர் இருக்கு. அது அங்க உள்ளவங்க கழுத்து. நம்ம ஆளுகளுக்கு எம்புட்டு இருக்கணும்னு சரியா யாரும் பாத்துச் சொல்லல."

"அப்பம் அளவே தெரியாமலா அளக்க வந்தீய?"

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரம்மாதான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். "அளவு தெரியத்தானம்மா வந்தேன்! சீக்காளிகளை நான் தெனமும் பாக்கேன். எது பெருசுன்னு சொல்லணும்னா, எது சாதாரணம்னு முதல்ல தெரியணும்லா? நீங்க கடல்மீன் திங்குத ஆளுக, கழலை வராத ஊரு. அதான் நல்ல கழுத்தாத் தேடி இங்கன வந்தேன். ஆம்பளைக்கு ஒரு அளவு, பொம்பளைக்குக் கொஞ்சம் குறைச்சல், ஒசரமானவங்களுக்குக் கொஞ்சம் கூடுதல், பிள்ளைத்தாச்சிக்கு வேற. அதெல்லாம் நாலு பேரைப் பாத்தாத் தெரியாது. ஊரையே பாக்கணும்." பிறகு கொஞ்சம் ஆசையோடு சொன்னார்: "வெளிநாட்டுல இப்பம் ஒரு மிஷின் வந்திருக்கு. சத்தத்தைக் கழுத்துக்குள்ள அனுப்பும். நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். அது உள்ள பட்டுத் திரும்பி வாரதை வச்சு, சுரப்பி எம்புட்டு நீளம், எம்புட்டு அகலம்னு படமாக் காட்டும்."

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னுதுரை சட்டென்று கீழே இறங்கிவந்தான். "விசைப்படகுல ஆழம் பாக்குத மிஷின் மாதிரியா? சத்தம் கீழ போயி, தரையில பட்டுத் திரும்பும். இங்கன பாறை, இங்கன மீனுன்னு கோடு போடுமே!"

"அதேதான் தம்பி! ஆனா அந்த மிஷின் வந்தாலும் நம்பரைத்தான் சொல்லும். அந்த நம்பர் நல்லதா கெட்டதான்னு அதுக்குத் தெரியாது. உங்களை மாதிரி நல்லாருக்கவங்க எல்லாரும் வந்து கழுத்தைக் காட்டினாத்தான் அதுக்கும் தெரியும்." டாக்டர் செல்லக்கனியின் தோளில் தட்டினார். "இவளுக்குக் கழலையும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. தங்கமான கழுத்து. கல்யாணத்தை நடத்துங்க."

பிச்சையா மூச்சு விட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. ஆனால் அருணாசலவடிவு சுருக்குப்பையை அவிழ்த்தாள். மஞ்சள் நூலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"டாக்டரம்மா கை சொல்லுதது சரியா இருக்கலாம். நான் இல்லங்கல. ஆனா என் கையால அளந்த மஞ்ச நூலு வேற சொல்லுதே? ஆனியில தொட்டது ஆவணியில தொடலையே? ஒங்க விரலுக்குத் தட்டுப்படாம உள்ளுக்குள்ள வளந்தா? அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. ஐப்பசி வேண்டாம். தை பாப்போம்."

தை பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தை வரவே வராது. பிச்சையா தலையைக் குனிந்துகொண்டார். பொன்னுதுரை வாயைத் திறந்தான், பெரியம்மா முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். டாக்டரம்மாவுக்கு நூலைப் பற்றி என்ன தெரியும்?

செல்லக்கனிக்கு அழுகை தொண்டைக்கு வந்துவிட்டது. பாழாய்ப்போன அந்தத் தொண்டைக்குத்தான்! மேசையில் கிடந்த நூலையே பார்த்தாள். மஞ்சளில் முக்கின நூல், இரண்டு முடிச்சு. ஒன்று அவளுடையது. இத்தனை நாளாக அந்த ஒரு முடிச்சைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், பேசினார்கள், அளந்தார்கள். மற்ற முடிச்சு சும்மா கிடந்தது. கேட்பாரில்லை.

"அத்தை," என்றாள். "ஒரு வார்த்தை சொன்னா வைய மாட்டியளே?"

"சொல்லு."

"உங்க முடிச்சு உங்களுக்கு எட்டுதான்னு ஒரு தடவை பாத்துருவோமா?"

"எனக்கென்ன கேடு? ஆனியில எப்படி இருந்தேனோ அப்படியே கருங்கல்லு மாதிரி இருக்கேன். இந்தா, பாத்துக்கோ" என்று அருணாசலவடிவு நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை நிமிர்த்தினாள். செல்லக்கனி பின்னால் நின்று நூலைச் சுற்றினாள். நுனியை முடிச்சுப் பக்கம் கொண்டுவந்தாள். நுனி இங்கே நின்றது, முடிச்சு அங்கே நின்றது. நடுவில் அத்தையின் கழுத்து ஒரு விரலுக்கும் கூடவே எட்டிப் பார்த்தது.

"இழுத்துப் பிடி தாயி."

"இழுத்துட்டேன் அத்தை."

"இன்னும் இழு."

"இனி இழுத்தா உயிர்தான் அத்தை."

எல்லாரும் கிட்ட வந்து நூலைப் பார்த்தார்கள். பிறகு பிலோமி ஆரம்பித்தாள். "யம்மாடி! மாமியாருக்கும் மருமவளுக்கும் ஒண்ணுபோலக் கழலை! கல்யாணத்துக்கு முந்தியே இம்புட்டு ஒத்துமைய நான் எங்கயும் பாத்ததில்ல யக்கா!"

ஹால் குலுங்கியது. ஆனால் அருணாசலவடிவு முகத்தில் ரத்தமில்லை. அவள் நூலைச் சந்தேகப்படவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். தன்னைத்தான் சந்தேகப்பட்டாள்! டாக்டரம்மா கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, எனக்கும் வந்துட்டா? சின்னாத்தாளுக்கு வந்த மாதிரியே வந்துட்டா? நல்லாப் பாருங்க டாக்டரம்மா. இந்தா விரலு. ரெண்டு விரலும் இருக்கு, எது வேணுமோ பாத்துக்கோங்க!"

"தண்ணியக் குடிங்க."

ஒரு செம்பையும் குடித்தாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். செல்லக்கனி அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் தோள் நடுங்குவது அவள் கைக்குத் தெரிந்தது. அட, இந்த அத்தைக்கும் பயம் வரும் என்று நினைத்தபோது, அவள் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டர். "உங்களுக்கும் தங்கமான கழுத்துதான்."

"நெசமா?"

"நெசமா. ரெண்டு கழுத்தும் நல்லாருக்கு. அப்பம் மூணாவது ஒரு ஆள் மேலதான் சந்தேகம்."

எல்லாருடைய கண்ணும் நூல் பக்கம் திரும்பியது. பொன்னுதுரை மெல்ல வந்து அதைக் கையில் எடுத்தான். கயிற்றுக்காரன் கை அல்லவா? இரண்டு விரலுக்கிடையில் உருட்டினான், முறுக்கைத் தடவினான்.

"பெரியம்மா, இது எந்தக் கட்டு?"

"அன்னைக்கு வந்து எறங்குன புதுக் கட்டு."

"நனைச்சியளா?"

"மஞ்சத் தண்ணியில முக்காம மங்கலக் காரியம் உண்டாலே?"

"வெயில்ல போட்டியளா?"

"பின்ன, ஈரத்தோடயா குடுப்பேன்?"

பொன்னுதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரியம்மா! புதுநூலு நனைஞ்சு காஞ்சா உள்ளுக்கு இழுக்கும்லா! தோணிக்காரங்க கேட்டா, நனைஞ்சா குறையும், கூட்டி வாங்கிக்கோங்கன்னு நீங்கதான சொல்லுவிய?"

அருணாசலவடிவு நூலைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். நனைந்த கயிறு சுருங்கும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறாள். "ஏலே, அது கயிறுலே," என்றாள் மெல்ல. "இது அட்டியல் நூலுல்லா." மஞ்சளில் முக்கினதும் அது அவளுக்குக் கயிறு இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். நூலுக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

பிறகு அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் மகன் பக்கம் திரும்பினாள். "கயித்துக் கடையில வளந்தவன், இத்தனை நாளா இதைச் சொல்லாம வாயில என்னத்த வச்சிருந்த?"

"மக்ரூன்" என்றாள் செல்லக்கனி.

அவ்வளவுதான், பொன்னுதுரை முகம் கெம்புக்கல்லாகச் சிவந்துவிட்டது. அருணாசலவடிவு அவனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், விஷயம் விளங்கி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தின கைக்கு அடங்கவில்லை. செல்லக்கனியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கடற்கரை ரோடுவரை கேட்டதாக அப்புறம் பேசிக்கொண்டார்கள்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அருணாசலவடிவு வாயிலிருந்து வரவில்லை. அவள் வழியே வேறு. செல்லக்கனியின் கையை இழுத்துத் தன் பெருவிரலோடு வைத்துப் பார்த்தாள். "என்னைவிட உனக்கு நீளம். நல்லதுதான், புளி கரைக்க லேசா இருக்கும்" என்றாள். வாசலுக்குப் போய்ப் பிலோமியின் கூடையிலிருந்து இருக்கிறதிலேயே பெரிய நெய்மீனாகத் தூக்கினாள். "அண்ணாச்சி, பஸ்ஸு சாயந்தரம் போவலாம். வீட்டுல வந்து ஒரு வாய் சாப்பிடுங்க. வெத்தலை மட்டும் தின்னா கழுத்துக்கு ஆவாது."

"வெலையக் கேக்காம எடுக்கியளே யக்கா! கழுத்து நெசமாவே சரியாத்தான் இருக்கா?" என்றாள் பிலோமி.

டாக்டர் ஜெபசெல்வி அத்தையையும் மருமகளையும் நல்ல கழுத்துக்காரர்கள் கணக்கில் அடுத்தடுத்து எழுதிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கடற்கரை ரோடு முழுக்கச் செய்தி பரவி, மறுநாள் பள்ளிக்கூடத்தில் நிற்க இடமில்லை. டாக்டரம்மா தேடி வந்த நல்ல கழுத்துகள் தாமே பெருவிரலை நீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தன.

ஐப்பசியில் கல்யாணம். அட்டியலைப் பிரித்துச் செய்ய நாள் இல்லை என்றார் ஆசாரி. அருணாசலவடிவு பெட்டியைத் திறந்தாள். அறுபத்தொன்றில் முத்துக்குளிப்பு நடந்தபோது ஆசைப்பட்டு வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் பஞ்சில் பொதிந்து வைத்திருந்த முத்துகளை எடுத்துக் கொடுத்தாள். ஆசாரி அவற்றைப் பூட்டுக்கு இரண்டு பக்கமும் கோத்து அட்டியலை நீட்டிவிட்டார். மணவறையில் அவளே பின்னால் நின்று பூட்டினாள். பூட்டு 'க்ளிக்' என்று விழுந்தது.

"மூச்சு விட முடியுதா தாயி?"

"தாராளமா அத்தை."

டாக்டரம்மாவும் வந்திருந்தார். பாவம், பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன அவரை யாரும் விடவில்லை. இலைக்கு மேலே வரிசையாகப் பெருவிரல்கள் நீண்டுகொண்டே இருந்தன.

கதை இவ்வளவுதான் செல்லங்களே. உங்கள் வீட்டில் சமைக்கிற சோறு ஒவ்வொரு தொண்டையிலும் இதமாக இறங்கட்டும். உங்கள் பெண்மக்கள் கழுத்தில் ஏறுகிற நகைக்கெல்லாம் பூட்டு ஒரே தடவையில் விழட்டும். வருகிற மாமியார் நெய்மீனோடு வரட்டும், வருகிற மாப்பிள்ளை மக்ரூனோடு வரட்டும். எந்த அடுத்தவர் விரலும் உங்கள் வீட்டாரைக் குறைத்து அளக்காமல், அவரவர் அளவு அவரவர் கையிலேயே நின்று, எல்லாரும் சிரித்த முகமாய் நெடுங்காலம் வாழ்ந்திருங்கள். போங்க, உலை கொதித்துவிட்டது.